பரஸ்தானம் போன பாஸ்போர்ட்

பம்பாய் செம்பூர் வட்டாரத்தில் யாராவது ஊருக்குக் கிளம்பினால் முதலில் போய் நிற்பது திருவேங்கடத்தின் வாசலில்தான். காசிக்குப் போகிறவர்கள், பத்ரிக்குப் போகிறவர்கள், மகள் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போகிறவர்கள் எல்லோரும் அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, எந்த ரயிலில் எந்தப் பெட்டி, எந்த ஸ்டேஷனில் இட்லி வாயில் வைக்கும்படி இருக்கும் என்பதுவரை எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். போனவர்கள் போய்விட்டு வந்து பிரசாதமும் கொடுப்பார்கள். எழுதிக்கொடுத்த மனுஷர் மட்டும் எங்கேயும் போனதில்லை.

அதற்குக் காரணம் அவர் பார்த்த உத்தியோகம். கோட்டைப் பகுதியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் விபத்து க்ளெய்ம் பிரிவில் இருந்தார். மலையிலிருந்து உருண்ட பஸ், கவிழ்ந்த படகு, மேல் பெர்த்திலிருந்து தலையில் விழுந்த டிரங்குப் பெட்டி என்று ஊர் உலகத்தில் கிளம்பியவர்களுக்கு நடந்ததெல்லாம் அவர் மேஜைக்கு மூன்று பிரதிகளில் வந்து சேர்ந்தது. பத்திரமாகப் போய்விட்டு வந்த லட்சக்கணக்கான பேர் அவருக்குக் கடிதம் போடவில்லை. அதனால் வீட்டைவிட்டுக் கிளம்புகிற எவனுக்கும் ஏதாவது ஆகத்தான் செய்யும் என்று அவர் நம்பியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் திட்டம் போடுவதில் அவரை மிஞ்ச முடியாது. அந்தமானுக்கு ஒரு ஃபைல், சிங்கப்பூருக்கு ஒன்று, இலங்கைக்கு, பூட்டானுக்கு என்று அலமாரியில் ஏழு ஃபைல்கள் இருந்தன. ஏழும் கடைசி வாரத்தில் நின்று போனவை. அந்தமானுக்குப் புயல் சின்னம் குறுக்கே வந்தது. சிங்கப்பூருக்குத் தூரத்து உறவில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி வந்தது. பூட்டானுக்கு ஒன்றும் வராததால் அவருக்கே முதுகுவலி வந்தது.

அவர் மனைவி ராஜலக்ஷ்மி மாதுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். ஆப்பிரிக்கா கண்டத்தைப் புத்தகம் பார்க்காமல், சாக்பீஸைப் போர்டிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைந்துவிடுவாள். நடுவில் பூமத்திய ரேகையைக் கிழித்து, அது கென்யாவுக்குள் புகுந்து வெளியே வரும் இடத்தைத் தட்டிக் காட்டுவாள். அந்த ரேகைமேல் ஒருநாள் தானே நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஏழு ஃபைல்களுக்குப் பிறகும் அந்த ஆசை இருந்தது என்றால் அவளுடைய பொறுமையை என்னவென்று சொல்வது?

ரிடையரான இரண்டாம் மாதம் அவள் யாரிடமும் கேட்காமல் மாதுங்காவில் ராஹில் என்ற டிராவல் ஏஜெண்டிடம் போய், இரண்டு பேருக்குக் கென்யா டிக்கெட் வாங்கிவிட்டாள். நாலு நாள் மசாய் மாராவில் மிருகங்கள், ஒரு நாள் பூமத்திய ரேகை, மூன்று நாள் மொம்பாசாவில் கடற்கரை.

"கேன்சல் பண்ணினா ஒத்தப் பைசா திரும்பி வராதாம். அதுதான் வேணும்னு கேட்டு வாங்கினேன்" என்றாள்.

திருவேங்கடம் எட்டாவது ஃபைலைத் திறந்தார்.

மூன்று மாதத்தில் அது அறுபத்து நாலு பக்கம் ஆயிற்று. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு அத்தாட்சி அட்டையும் வாங்கியாயிற்று. சிங்கம் பார்க்கிற ஜீப்புக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று விசாரித்தாயிற்று. மொம்பாசா ஹோட்டலுக்கு, கடல் அலை அதிகபட்சம் எந்தப் படிவரை வரும் என்று எழுதினார். காட்டு முகாமுக்கு, கூடாரத்துக்கும் கழுதைப்புலிகளுக்கும் நடுவே எத்தனை மீட்டர் தூரம் என்று எழுதினார். அது கழுதைப்புலியைப் பொறுத்தது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தையும் ஃபைலில் சேர்த்தார்.

கடைசியில் பஞ்சாங்கத்தில் வந்து முட்டிக்கொண்டார். விமானம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்.

"ஏன்னா, மேற்கே சூலத்துக்கு ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுண்டு கிளம்பினா ஆச்சு" என்றாள் ராஜலக்ஷ்மி.

"வெல்லம் இங்கே இருக்கிற கல்யாண் ஊருக்குப் போறதுக்குப் போறும். இது கடல் தாண்டறது."

"முந்தின நாளே கிளம்பலாம்னா வியாழக்கிழமை தெற்கே சூலம்னு ஆரம்பிக்காதேங்கோ."

ஆரம்பிக்கத்தான் இருந்தார். நைரோபி பம்பாய்க்குத் தென்மேற்கே இருப்பதை ஸ்கேல் வைத்துப் பார்த்திருந்தார். ஆகவே புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்குப் பரஸ்தானம் வைப்பது என்று முடிவாயிற்று. கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், நல்ல நேரம் பார்த்து ஒரு பையை முன்கூட்டியே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பை மறுபடி வீட்டுக்குள் வரக்கூடாது. போகும்போது அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். சாதாரணமாக ஒரு வேஷ்டி, கொஞ்சம் அரிசி, ஒரு மஞ்சள் கிழங்கு வைத்தால் போதும்.

ஆனால் இவர் க்ளெய்ம் பிரிவு ஆள். ஒரு வேஷ்டி கிளம்பியதை வைத்து இரண்டு பேர் கிளம்பியதாக எப்படி ஒப்புக்கொள்வது? பிரதான ஆவணங்கள் கிளம்பினால்தான் பயணம் கிளம்பியதாக அர்த்தம் என்று யோசித்து, பாஸ்போர்ட் இரண்டு, ஊசி அட்டை இரண்டு, டாலர் நோட்டு எல்லாவற்றையும் வேஷ்டிக்குள் சுருட்டி ஒரு நீல ரெக்ஸின் பையில் வைத்தார். எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் சாதனாவிடம் கொடுத்தார். சாதனா உல்லாஸ்நகர்க்காரி, சிந்திப் பெண், நல்ல மாதிரி. இருந்தாலும் விலை உள்ள பொருளை மூன்றாம் மனிதரிடம் ஒப்படைக்கும்போது விவரம் சொல்லக் கூடாது என்பது ஆபீஸில் படித்த பாடம். பையில் இரண்டு பழைய வேஷ்டிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். ராஜலக்ஷ்மியிடமும் அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அவர் எதிர் வீட்டு மணியை அடித்தபோது இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது.

ஃபோன் போட்டார். பின்னால் ஷெனாய் கேட்டது. தம்பிக்கு நிச்சயதார்த்தம் என்று முந்தின நாளே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். சாவி அவளிடம்தான் இருந்தது.

"அங்கிள், உஸ்மே தோ புரானி தோத்தி ஹை நா?" என்றாள் சாதனா. உள்ளே பழைய வேஷ்டிதானே என்று கேட்கிறாள். ராஜலக்ஷ்மி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

சாதனா பதறிப்போனாள். தன்னால் சபையை விட்டு நகர முடியாது, அங்கிள் வந்தால் சாவியை உல்லாஸ்நகர் ஸ்டேஷனுக்குக் கொடுத்தனுப்புகிறேன் என்றாள். கதவை உடைக்க வெல்டர் வரவேண்டும், அவன் சாயங்காலம்தான் வருவான் என்று வாட்ச்மேன் சொன்னான். திருவேங்கடம் ஹாலில் வந்து உட்கார்ந்தார்.

அப்போது அவர் மனதில் முதலில் வந்தது என்ன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாடா என்றிருந்தது. சிங்கம் இல்லை, அலை இல்லை, முப்பதாயிரம் அடி உயரம் இல்லை. புயலைப் போல, சஷ்டியப்தபூர்த்தியைப் போல, இதுவும் தானாக வந்தது. தன்மேல் குற்றமில்லை என்று இப்போதே வாக்கியம் அமைக்கத் தொடங்கிவிட்டார்.

ராஜலக்ஷ்மி கத்தவில்லை. புதுச் செருப்பைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தாள். பிறகு ஃபோனை எடுத்துப் பால்காரரைக் கூப்பிட்டாள்.

"பையா, கல் ஸே தூத் சாலூ ரக்னா. ஹாங், ஆதா லிட்டர். ஹமேஷா ஜைஸா."

பத்து நாளைக்கு நிறுத்தச் சொன்ன பாலை நாளை முதல் வழக்கம்போல் போடச் சொல்கிறாள். மறுமுனையில் பால்காரர் சிரித்தது அவருக்கும் கேட்டது. அந்த ஆளுக்கு இது எட்டாவது தடவை. அவளும் சிரித்தாள், பழகிப்போன சிரிப்பு. அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார், சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருப்பார். இதற்கு அவரிடம் ஃபைல் இல்லை. முப்பத்தொரு வருஷம் வரைந்த கண்டத்தை அரை லிட்டர் பாலுக்கு விட்டுக்கொடுக்க அவளைப் பழக்கியது தான்தான் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்தார். மணி பத்து நாற்பது, சுத்தமான ராகு காலம். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

செம்பூரில் வந்த வண்டியில் ஏறினார். எத்தனை மணி வண்டி என்று பார்க்கவில்லை. குர்லாவில் பாலத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்து, அம்பர்நாத் லோக்கலில் ஃபுட்போர்டுக்கு ஒரு கை தூரத்தில் தொற்றிக்கொண்டார். அந்த இடத்தில் நின்றவர்களின் க்ளெய்ம்கள் எத்தனையோ அவர் கையால் போயிருக்கின்றன. தானேக்குப் பிறகுதான் அது ஞாபகம் வந்தது. உல்லாஸ்நகரில் ஜரிகைத் தலைப்பாகையோடு நின்ற மாப்பிள்ளைப் பையனே சாவியையும் கையில் இரண்டு லட்டுவையும் திணித்து, "தௌடோ அங்கிள்" என்று ஓடச் சொல்லி முதுகில் தட்டி அனுப்பினான்.

ஒன்றே முக்காலுக்கு ஆட்டோவில் வந்து இறங்கியபோது கட்டட வாசலில் டாக்ஸி நின்றது. பெட்டிகள் ஏற்கெனவே டிக்கியில் இருந்தன. ராஜலக்ஷ்மி புதுச் செருப்போடு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மேலே ஏறி எதிர் வீட்டைத் திறந்து, பையை எடுத்துக்கொண்டு, சட்டை நனைந்து ஒட்ட வந்து ஏறினார்.

வண்டி கிளம்பியது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு வெல்லத்தை அவர் வாயில் போட்டாள். ஹைவேயில் ஏறியபோதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஃபைல் எங்கே?"

"சோபாமேல. நான்தான் எடுக்கலை."

அறுபத்து நாலு பக்கம். வாயைத் திறந்தார், வெல்லம் இருந்ததால் மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் வேறொன்று உறைத்தது.

"ராஜி, பால்காரன்கிட்ட மறுபடி நிறுத்தச் சொல்லணுமே. நாளைக்குக் காலமே பாக்கெட்டைத் தொங்கவிட்டுட்டுப் போயிடுவான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறைந்திருந்ததை அவர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"நீங்க படி இறங்கற சத்தம் கேட்டுதே, அப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.