ஒரு கிலோ குழந்தைக்கு எங்கள் வார்டில் முதல் லேசர்

1. உள்ளே பார்த்தபோது

புதுக்கோட்டையில் கண் டாக்டராக நான் பார்த்த வேலையில் பெரும்பகுதி கண்புரை ஆபரேஷன்தான். ஆர்.ஓ.பி. என்று நாங்கள் சொல்லும், குறைமாதக் குழந்தைகளுக்கு வருகிற விழித்திரை நோய்க்கு லேசர் வைக்க மதுரையில் பயிற்சி எடுத்திருந்தேன். அங்கே பக்கத்தில் எப்போதும் ஒரு சீனியர் நிற்பார். ஊர் திரும்பி, கருவியும் வந்து சேர்ந்த பிறகு தனியாக ஒரு குழந்தைக்கும் நான் வைத்ததில்லை. அந்த நேரத்தில்தான் செலினின் குழந்தையைப் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

செலின் ஆவூர்ப் பக்கத்துப் பெண். கீரனூரில் பஸ் ஏறித் தினமும் திருச்சி ஜவுளிக்கடை ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தவள். கணவன் மஸ்கட்டில். ஏழாம் மாதத் தொடக்கத்தில், பஸ்ஸுக்கு நிற்கும்போதே வலி எடுத்து ஆம்புலன்ஸில் எங்களிடம் வந்தாள். பிறந்த பெண் குழந்தை ஒரு கிலோகூட இல்லை. ஆக்ஸிஜனில் கிடந்து, மூச்சு விடப் பழகி, எடை ஒரு கிலோவைத் தாண்டிய பிறகு குழந்தைகள் டாக்டர் ரவி எனக்கு ஆள் அனுப்பினார்.

"மேடம், பொழச்சிருச்சு. கண்ண ஒருதடவ பாத்துருங்க."

கண்ணின் கருமணி விரிவதற்கு மருந்து விட்டு, தலையில் மாட்டும் விளக்கோடு லென்ஸைப் பிடித்துப் பார்த்தேன். வலது கண்ணில் ரத்தக்குழாய்கள் புழுவைப்போல நெளிந்திருந்தன. இடது கண் அதைவிட மோசம். குறைமாதத்தில் பிறந்தால் விழித்திரையின் ஓரம்வரை ரத்தக்குழாய் போய்ச் சேர்ந்திருக்காது. பிறகு அது தாறுமாறாகக் கிளைத்தால் திரையையே இழுத்துப் பிரித்துவிடும். பிரிந்துவிட்டால் பார்வையை மீட்பது மிகக் கடினம். கையில் இரண்டு நாள் இருந்தது, அவ்வளவுதான்.

"மதுரைக்கு அனுப்பிரலாமா?" என்று ரவியிடம் கேட்டேன்.

"வண்டியில இவ்வளவு தூரம் தாங்குமான்னு எனக்கே பயமா இருக்கு மேடம். மூச்சு இன்னும் நின்னு நின்னுதான் வருது. நீங்க இங்கயே வைங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

2. கண்மாய்க் கருவேலம்

வார்டு வாசலில் செலினும் அவளுடைய மாமனார் சவரிமுத்துவும் நின்றிருந்தார்கள். அவர் விவசாயி. நான் விவரம் சொல்லி முடித்ததும் கேட்டார்.

"கண்ணு நல்லாத்தானே முழிக்குது டாக்டரம்மா. பச்சப்புள்ள கண்ணுல போயி நெருப்பு வைக்கணுங்கிறீங்களே."

"வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும் ஐயா. கோளாறு உள்ள. கண்மாய்க்குள்ள சீமக்கருவேலம் மண்டுது பாத்திருக்கீங்கல்ல, அந்த மாதிரி வேண்டாத ரத்தக்குழாய் மண்டுது. அதை மண்டவிடுற ஓரத்த மட்டும்தான் சுடுறோம். நடுவுல பார்வை இருக்கிற எடத்தத் தொட மாட்டோம்."

அவர் உடனே கேட்டார். "கருவேலத்த வெட்டுனா மறுபடி துளுக்குமே."

பயிற்சியில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. சரியான கேள்வியும்கூட.

"துளுக்கலாம். துளுத்தா மறுபடி சுடணும். அதுக்குத்தான் வாராவாரம் பாக்கணும்னு சொல்றேன். நூத்துக்கு நூறு சரியாயிரும்னு நான் சொல்லலை. விட்டா பார்வை போயிரும்னு மட்டும் உறுதியாச் சொல்லுவேன்."

"மகன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். போன எடுக்க மாட்டேங்கிறான். ஊருக்குக் கொண்டுபோயி ஞாயித்துக்கெழம ஞானஸ்நானத்தக் குடுத்துட்டு, பெறகு வாறமே."

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற செலின் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மாமா, தங்காதுன்னாங்க. தங்கிருச்சு. தங்குனது பாக்கவும் வேணும்ல. அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்." பிறகு என்னைப் பார்த்து, "எங்க கையெழுத்துப் போடணும் டாக்டர்?" என்றாள்.

சவரிமுத்து மருமகளை ஒருமுறை பார்த்தார். "சரித்தா, போடு" என்றார்.

3. இடது கண்

மறுநாள் காலையில் வார்டுக்குப் பக்கத்து அறையில் ஜன்னல்களைக் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்தோம். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, கண் மரத்துப்போகச் சொட்டுமருந்து விட்டோம். சிஸ்டர் வளர்மதி அதன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். ரவியின் கண் மானிட்டரில் இருந்தது.

வலது கண் நான் நினைத்ததைவிட நன்றாகவே போனது. சுடச் சுட, சாம்பல்நிறப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. 

இடது கண்ணைத் திறந்து, ஓரம் தெரிவதற்காக லேசாக அழுத்தினேன். மானிட்டர் கத்தியது. குழந்தை மூச்சை நிறுத்திவிட்டது. உதடு நீலம் பாய்ந்தது.

"கைய எடுங்க மேடம்" என்றார் ரவி. எடுத்தேன். வளர்மதி உள்ளங்காலைச் சுண்டினார். ரவி முகமூடி வைத்து மூச்சு கொடுத்தார். நான் சுவரோரம் ஒதுங்கி, தலையில் விளக்கோடு நின்றேன். செய்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. குழந்தை ஒரு விக்கல் விக்கி, அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வாசலில் செலின் கும்பிட்டாளாம். வளர்மதி பிறகு சொன்னார்.

"இன்னைக்கு இது போதுமா?" என்று ரவி கேட்டார்.

"மோசமான கண்ணே இதுதான் ரவி. நாளைக்கு வச்சா லேட்டாயிரும்."

அவர் மானிட்டரையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கொஞ்சம் கொஞ்சமா வைங்க. நான் நிறுத்தச் சொன்னா உடனே நிறுத்திரணும்."

அப்படியே செய்தோம். கொஞ்சம் சுடுவேன், அவர் சொன்னதும் கையை எடுப்பேன், குழந்தை நிறம் திரும்பியதும் மறுபடி. அரை மணி நேர வேலை பகல் முழுவதும் போல நீண்டது. கடைசிப் புள்ளி விழுந்தபோது என் கழுத்து திரும்பவில்லை. குழந்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் வலது கண்ணில் நெளிவு அடங்கியிருந்தது. இடது கண்ணில் ஒரு மூலையில் மட்டும் சவரிமுத்து சொன்னதுபோலத் துளிர்த்திருந்தது. விட்டுப்போன அந்த இடத்தை மறுபடி சுட்டேன். அதற்கும் அடுத்த வாரம் இரண்டு திரையும் தட்டையாக, ஒட்டி, அமைதியாக இருந்தன. நான் மறுபடி மறுபடி பார்த்தேன். சந்தேகத்தினால் இல்லை, பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆவூரில் ஞானஸ்நானம் நடந்து லூசியா என்று பேர் வைத்தார்கள். கண்களுக்குரிய புனிதை என்று செலின் எனக்கு விளக்கினாள்.

ஒரு வயது தாண்டி செக்கப்புக்கு வந்தபோது சவரிமுத்து ஒரு புகாரோடு வந்தார்.

"எறும்பக் கண்டா விடமாட்டேங்குது டாக்டரம்மா. நம்ம கண்ணுக்கே தெரியாத எறும்பு. ஊர்ந்துபோயி புடிச்சு வாயில போட்டுக்குது. இதுக்கு என்ன பண்றது?"

அத்தனை பரிசோதனைக் கருவிகளுக்கும் மேலான பரிசோதனை அது. "ஒண்ணும் பண்ண வேண்டாம் ஐயா, வீட்டக் கூட்டி வைங்க" என்றேன். ரவியையும் கூப்பிட்டு, சவரிமுத்துவை அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

இந்த வேலைக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். எடை ஏறிவிட்டது, பால் குடிக்கிறது என்று குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் அதன் கண்ணுக்குள் ஒருவர் பார்த்தாரா என்று கேளுங்கள். முதல் லேசரில் பயம் இருக்கும், இருக்கட்டும். நிறுத்தச் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னால் நிறுத்துங்கள். மூச்சு திரும்பிக் குழந்தை அழுததும் மறுபடி தொடங்குங்கள்.