அழுகல் அண்ணனின் மூக்கு

"இது வேண்டாம்மா, இது நல்லா இருக்கு" என்று சொல்லி, பழுத்துப் பளபளக்கும் வாழைச்சீப்பு ஒன்றைத் திருப்பி வைக்கிறார் அவர். கட்டைவிரலால் அடுத்ததை அழுத்துகிறார். தோல் வெடித்துச் சாறு மணிக்கட்டு வரை வழிகிறது. முகம் மலர்கிறது. "ஆங்... இந்த மாதிரி இருந்தா எடுத்து வைங்க."

பக்கத்தில் பழம் வாங்கிக்கொண்டிருக்கும் பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்க்கிறார். பழக்காரம்மாவுக்கு இது பழகிப்போன காட்சி. "அவரைப் பார்த்து நீங்க எடுத்துடாதீங்க. நல்ல பழம் வாங்கறவங்க வீட்டுக்குப் போவாங்க, அழுகல் அண்ணன் காட்டுக்குப் போவாரு" என்கிறாள். சந்தையில் அவருக்கு அதுதான் பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் 'என்ன?' என்று சாதாரணமாகத் திரும்பிப் பார்க்கிறார்.

வயது ஐம்பத்தாறு. மழைக்காட்டில் பட்டாம்பூச்சி பிடிப்பது வேலை. ஊர் முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தில் ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே பத்தொன்பது வருடமாக இருக்கிறார். பிடித்து ஊசி குத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற வேலையல்ல. பிடிக்க வேண்டும், இறக்கையின் அடிப்பக்கம் பேனாவால் ஓர் எண் எழுத வேண்டும், விட்டுவிட வேண்டும். மறுபடி சிக்கினால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். காடு செழிக்கிறதா தேய்கிறதா என்பதை இந்த எண்களை வைத்துச் சொல்லிவிடுவார்களாம்.

"ஜனத்தொகை எடுக்க வீடு வீடா வர்றாங்கல்ல, அந்த மாதிரிதான். ஆனா இவங்க கதவைத் திறந்து பதில் சொல்ல மாட்டாங்க. நாமதான் விருந்து வச்சுக் கூப்பிடணும்" என்கிறார்.

விருந்து தயாராவது ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில். அழுகின வாழைப்பழம், பழுப்புச் சர்க்கரை, மிச்சப்பட்ட பீர் கொஞ்சம். மூடிவைத்தால் மூன்று நான்கு நாளில் பொங்கிப் புளித்துப் போதை ஏறிவிடும். அதை ஒரு தட்டில் ஊற்றி, தட்டுக்கு மேல் நான்கு விரல் இடைவெளி விட்டு, ஆளுயர வலைக்கூண்டு ஒன்றை மரக்கிளையில் தொங்கவிடுகிறார். பட்டாம்பூச்சி இடைவெளி வழியாக நுழையும், குடிக்கும், கிளம்பும்போது மேலே பறந்து வலைக்குள் மாட்டிக்கொள்ளும். இறங்கினால் தப்பலாம், இறங்கத் தோன்றாது. "குடிச்சவன் என்னைக்கு வந்த வழியைத் திரும்பிப் பார்த்திருக்கான்?"

இப்படி இருபத்துநான்கு கூண்டுகள். பாதி இடுப்பளவு உயரத்தில், பாதி கயிறு கட்டி இழுத்து மர உச்சியில். விருந்துக்கு வராதவர்களுக்கு வேறு தந்திரங்கள் வைத்திருக்கிறார். வியர்வை ஊறிய துண்டை ஓடைக்கரைப் பாறையில் விரித்துவைப்பார். உப்புக்காக வந்து உட்காரும். மகள் சின்ன வயதில் போட்ட நீலப் பட்டுச்சட்டையிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று குச்சி நுனியில் இருக்கும். அதை வெயிலில் ஆட்டினால், பெரிய நீல இறக்கைக்காரன் ஒருவன் உச்சியிலிருந்து சரேலென்று இறங்கிவருவான். "தன் இடத்துக்கு இன்னொரு ஆம்பளை வந்துட்டான்னு நினைப்பு. சண்டைக்கு வருவான். வலைக்குள்ள போனப்புறம்தான் துணின்னு தெரியும், பாவம்." ஓடை மணலில் முதல்நாளே செய்துவைக்கும் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அதைக் கேட்டால் சிரிக்கிறார். "பொம்பளைங்க இருக்கற இடத்துல சொல்ல முடியாது. உப்பு எங்கே இருந்தாலும் உப்புதான், விடுங்க."

பிடிக்கிற விரல்கள் தடித்தவை, நகங்களுக்குள் பழக்கறை. அந்த விரல்களால் மூடிய இறக்கைகளை உடலோடு ஒட்டின இடத்தில் பிடிக்கும்போது தூள்கூட உதிர்வதில்லை. எண் எழுதும்போது மூச்சை அடக்குகிறார். விட்டதும், "போ, போ, குடும்பம் தேடும்" என்கிறார்.

டிரம் இருப்பது அவர் வீட்டுப் பின்பக்கம். முதலில் நிலையத்தில்தான் வைத்தார்கள். ஒரே மாதத்தில் படித்தவர்களின் மூக்கு தாங்கவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று தொடங்கியது அவருக்கும் மனைவிக்கும் சண்டை. அந்த அம்மாள் வீட்டில் உட்கார்ந்தே தைப்பவர். கூண்டுகளின் வலையை ஓரம் மடித்து, ஜிப் வைத்துத் தைத்துக்கொடுப்பதும் அவர்தான். "வலை தைக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா அந்த நாத்தம்! துணி அளவு கொடுக்க வர்றவங்க, 'என்னக்கா, வீட்ல ஏதாவது செத்துக் கிடக்கா?'ன்னு கேக்கறாங்க. எல்லாரும் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டு வருவாங்க, இவரு ஆபீஸையே கொண்டு வந்துட்டாரு." டிரம் சமையலறைச் சுவரோரத்திலிருந்து குளியலறைக்கும், அங்கிருந்து கொல்லைத் தகரக் கூரையின் அடிக்கும் நகர்ந்தது. அதற்குமேல் நகர்த்த இடமில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் வந்துவிட்டது.

இத்தனை நாள் என்று கணக்கு வைத்து டிரம்மைத் திறப்பவரல்ல அவர். வெயில் என்றால் மூன்று நாள், ஈரம் என்றால் ஐந்தும் ஆகும். "நாள் எல்லாம் காலண்டருக்கு. மூக்குக்குள்ள ஒரு சுண்டு சுண்டும் பாருங்க, அதுதான் நேரம்." குனிந்து ஒருமுறை இழுப்பார். சரி என்றால் சரி. நிலையத்தில் இதற்கு ஒரு கருவி வாங்கலாமா என்று ஒரு காலத்தில் பேச்சு வந்ததாம். "கருவிக்குச் சளி பிடிக்காதுன்னாங்க. எனக்கும் பிடிச்சதில்லன்னேன்."

போன மாதம் பிடித்தது. ஐந்து நாள் காய்ச்சல். காய்ச்சல் போனபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவருக்கு அது தெரியாமல் இல்லை. சோப்பு மணக்கவில்லை, மழை விழுந்த மண் மணக்கவில்லை. சளி, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். டிரம்முக்குள் குனிந்தார். ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக விரல்விட்டு நாள் எண்ணினார். நான்கு. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே அடைமழை. வெயிலே இல்லாத வாரங்கள்.

ஒரு சுற்றுக்கு அறுபது எழுபது சிக்கும் கூண்டுகளில் அந்த முறை பதினொன்று. அடுத்த சுற்றில் ஏழு. அதற்கடுத்து நான்கு. நிலையத்துக்குப் பொறுப்பான ஆய்வாளரை அவர் டாக்டரம்மா என்றுதான் சொல்வார். அவரைவிட இருபது வயது இளையவர். அந்தப் பெண் எண்களை மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். போன வருடம் காட்டோரமாக ஒரு சாலை வெட்டினார்கள். அதன் பலன்தான் இது, காட்டின் இந்தப் பக்கம் காலியாகிவிட்டது என்று அறிக்கை எழுத ஆரம்பித்தார். மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். அழுகல் அண்ணனும் அதை நம்பினார். காலிக் கூண்டுகளை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்த அந்த நாட்களில், சொல்லாமல் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். "ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

உண்மை வெளியானது பாலில். அதை அவர் மனைவி சொல்லித்தான் கேட்க வேண்டும்.

"அடுப்புல பாலை வச்சிட்டு, 'ஏங்க, பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டு, வாசல்ல ஒருத்தங்களுக்கு அளவு எடுக்கப் போனேன். திரும்பி வர்றேன், பால் தீஞ்சு வீடே நாறுது. இவரு அடுப்புக்கு ரெண்டடி தள்ளி உக்காந்து பேப்பர் படிக்கறாரு! 'என்னங்க இது?'ன்னா, 'பாத்துட்டுதான் இருக்கேன்'ங்கறாரு. எதைப் பாத்தாரு? விளையாட்டுப் பக்கத்தை."

அவர் மழுப்பினார். அந்த அம்மாள் விடவில்லை. தலைவலித் தைலக் குப்பியைத் திறந்து மூக்கருகே நீட்டினார். "என்ன இது சொல்லுங்க." கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்து, "தேங்காயெண்ணெய்" என்றார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்ததாம். அடுத்த நொடி சிரிப்பு நின்றதாம்.

"மூணு வாரமா நான் உங்களை டிரம்மைப் பத்தித் திட்டவே இல்லையே, கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தார். வயதாக ஆக மனைவிக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தார்.

அந்த அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போனார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக டிரம் மூடியைத் தானே திறந்தார். கைக்குட்டையை மெதுவாக எடுத்தார். "பச்சைப் பழ வாசனை. இதைக் குழந்தைக்கு ஊட்டலாம்" என்றார். மழைக்குளிரில் அது புளிக்கவே இல்லை. கலக்கும்போது வந்த நுரையைப் பார்த்துத்தான் பொங்கிவிட்டது என்று அவர் நம்பியிருக்கிறார். போதையில்லாத விருந்துக்கு யார் வருவார்கள்?

அன்று மதியம் அழுகல் அண்ணன் சாப்பிடவில்லை. அவர் வேலை வருடா வருடம் புது ஒப்பந்தம் கையெழுத்தாகிற வேலை. மூக்கு வேலை செய்யாத பட்டாம்பூச்சிக்காரருக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் அறிக்கை போய்விடும், மழை நிற்கும், டிரம் புளிக்கும், அவரும் பிழைத்துக்கொள்வார். "ஆனா இல்லாததை இல்லன்னு சொல்லலாம். இருக்கறதை இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்கிறார். சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார்.

"காட்டு மேல எழுதாதீங்கம்மா. தப்பு என் மூக்குல."

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். "மூணு வாரமா ஏன் சொல்லல?"

"சளின்னு நினைச்சேன்மா."

"நினைச்சீங்களா, இல்ல அப்படி இருக்கட்டும்னு ஆசைப்பட்டீங்களா?"

டாக்டரம்மா நோட்டைத் திறந்து மூன்று சுற்றுகளின் எண்களுக்கும் குறுக்கே கோடு போட்டார். கோடு கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. "அறிக்கை அனுப்ப இன்னும் எட்டு நாள் இருக்கு. கூண்டு காட்டுல குறைஞ்சது நாலு நாளாவது நிக்கணும், இல்லன்னா இந்தப் பருவமே வீண். உங்க வேலையைப் பத்தி அது முடிஞ்சப்புறம் பேசலாம். இரையை யாரு மோந்து பார்க்கறது?"

"வீட்ல ஒரு மூக்கு இருக்கும்மா. என்னோடதைவிடக் கோவக்கார மூக்கு."

அன்றே புது டிரம் போட்டார்கள். மூன்றாம் நாளும் நுரை கட்டவில்லை. இன்று நான்காம் நாள். விடிந்ததிலிருந்து மழை விட்டிருக்கிறது; எப்போது திரும்புமோ தெரியாது. மடித்த கூண்டுகள் சைக்கிள் கேரியரில் கட்டியாகிவிட்டன. கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவரைப் போலக் கொல்லையில் நிற்கிறார் அழுகல் அண்ணன். இன்று கிளம்பினால் ஒரு நாள் கையில் மிச்சமிருக்கும். நாளை என்றால் அதுவும் இல்லை. இடையில் ஒரே ஒரு அடைமழை வந்தாலும் போச்சு.

அந்த அம்மாள் டிரம்முக்கு முன் குந்தி உட்காருகிறார். மூடியைத் திறந்து, கண்ணை மூடி, முகத்தை உள்ளேயே விடுகிறார்.

"சுண்டுதா?"

"பேசாம இருங்க." மறுபடி ஒருமுறை இழுக்கிறார். "வந்துட்டு இருக்கு. இன்னும் வரல. நாளைக்கு."

"நுரையைப் பாரு, எப்படிக் கட்டியிருக்கு! இன்னைக்கு விட்டா..."

"நுரை கிரை எல்லாம் எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமா அந்த நாத்தத்தைத் திட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா அது எதுன்னு? இது அது இல்ல."

அவர் ஒருமுறை வானத்தைப் பார்க்கிறார். ஒருமுறை டிரம்மைப் பார்க்கிறார். தானும் குனியப் போகிறவர்போல ஓர் அடி முன்னால் வைத்து, நின்றுவிடுகிறார். பிறகு தோளிலிருந்து கயிற்றுச் சுருளைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கேரியரில் கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பிக்கிறார்.