கடைசி வரியில் எங்கள் தோட்டம்

பதுளை பஜாரில் ஒரு மாடியறையில் நானும் சுகந்தியும் மென்பொருள் எழுதுகிறோம். மருத்துவ வேன் எந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று சாரதியின் போனில் காட்டுகிற செயலி எங்களுடையதுதான்.

தோட்டங்களின் பட்டியலை அகர வரிசையில் வைக்கலாம் என்று சுகந்தி ஆரம்பத்திலேயே சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் பழைய ஆட்களின் பேரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். புதுப்பேர் கடைசியில்தான் வரும். அந்தப் பழக்கத்தில் பட்டியலிலும் புதுத் தோட்டத்தைக் கடைசியில் சேர்ப்பது என்று வைத்தேன்.

ஒருநாள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அம்மா போன் பண்ணினார்.

"பிரஷர் மாத்திரைக்கு ரோட்டுல நின்னுக்கிட்டே இருந்தோம். வேன் வரவே இல்லப்பா."

பட்டியலைத் திறந்தேன். நான் சேர்த்திருந்த எங்கள் தோட்டம் இல்லை. கடைசி வரியில் சுகந்தி சேர்த்த வெலிமடைத் தோட்டம் இருந்தது.

"என் வரிய ஏன் அழிச்ச?" என்று கேட்டேன்.

செயலியில் நாங்கள் செய்த மாற்றங்களின் பழைய பதிவுகளை அவள் திறந்தாள். ஒரே நாளில் இரண்டு பேரும் அவரவர் கணினியில் கடைசி வரியில் ஆளுக்கொரு பேரைச் சேர்த்திருந்தோம். இருவர் வேலையையும் ஒன்றாக இணைக்கும்போது இரண்டும் மோதி, ஒன்றுதான் தங்கியிருந்தது. அவசரத்தில் அப்படி இணைத்தது நான்தான்.

"ரெண்டு பேரும் ஒரே படியில கால் வச்சா ஒருத்தர் கீழ நிக்கத்தானே வேணும்" என்றாள். பட்டியலை மட்டும் அகர வரிசைக்கு மாற்றி முதலில் ஒரு பதிவு போட்டாள். அடுத்த பதிவில் எங்கள் தோட்டத்தை அதன் எழுத்துக்குரிய இடத்தில் சேர்த்தாள்.

இப்போது எந்தப் புதுப்பேரும் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் ரோட்டில் நின்ற அம்மாவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்கிறேன்.