டாக்டரம்மா காருக்கு ஒரு மெத்தை

பேகம்பூரில் மெத்தை தைத்துக்கொண்டிருந்த ஜெய்தூன் பீவி, கல்யாண மெத்தை முதல் கடை முதலாளிகள் சாயும் திண்டு வரை எல்லாம் தைத்தவர். 1962இல் கண் டாக்டர் சண்முகவள்ளி வந்து, காருக்குள் படுக்க மெத்தை வேண்டும் என்றபோது அவர் கையில் ஊசி அப்படியே நின்றது.

"காருக்குள்ள எதுக்கும்மா படுக்கணும்?"

"அய்யலூர்ப் பக்கம் கேம்ப் போறேன். தங்க இடமில்ல. பின்சீட்டுலயே படுத்தா, காலையில இடுப்பு நிமிர மாட்டேங்குது."

"தலைய எந்தப் பக்கம் வைப்பீக? காலு எங்க போகும்? கதவத் தொறந்து வைப்பீகளா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஜெய்தூனுக்கு வரவில்லை. நூலால் சீட்டை அளந்து, இலவம்பஞ்சில் புசுபுசுவென்று ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரமே அது திரும்பி வந்தது. மெத்தை அமுங்கி, சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் பள்ளத்தில் டாக்டர் இரண்டு முறை உருண்டு விழுந்திருக்கிறார்.

"கார இங்கனயே விட்டுட்டுப் போங்க. நானே படுத்துப் பாக்குறேன்."

அதுவரை ஜெய்தூன் காரில் உட்கார்ந்தது கூட இல்லை. மத்தியானம் ஏறிப் படுத்தார், புரண்டார், பள்ளத்தில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே அண்ணாந்து பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. பள்ளத்தை அடைத்து முன்சீட்டை முன்னால் தள்ளிவிட்டால் மூலைக்கு மூலை கால் நீட்டலாம்.

தேங்காய் நாரை இறுக்கித் திணித்து, பள்ளத்துக்கு அளவாக இரண்டு திண்டு செய்தார். மேலே பருத்திப் பஞ்சில் மெல்லிய மெத்தை. வேர்வைக்குக் கோரைப்பாய். மறுபடி படுத்துப் பார்த்தவர் தூங்கியே போனார்.

சந்தையிலிருந்து வந்த கணவர் நைனா முகமது, திறந்திருந்த கார்க் கதவு வழியே தெரிந்த பாதங்களைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏ புள்ள! யாரு காரு இது?"

"செத்த நேரம் சும்மா இருங்க. இப்பத்தான் சரியா வந்திருக்கு."

இந்த முறை கேம்ப் முடிந்து வந்த டாக்டர், "இடுப்பு வலியே இல்லம்மா" என்றார். நன்றிக்குப் பதிலாக ஜெய்தூன் கேட்டது ஒன்றுதான்.

"அடுத்த தடவ நானும் வரட்டா? வண்டிகள்ல ஆளுக எப்பிடியெல்லாம் படுக்குறாகன்னு பாக்கணும்."

டாக்டர் அழைத்துப் போனார். அய்யலூர் ஆட்டுச் சந்தையில் ஒவ்வொரு லாரியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போன ஜெய்தூன், ஒரு வியாபாரியை நிறுத்தினார்.

"ஏங்க, ஆட்டோட ஆடா வாரீகளே, கீழ என்னத்த விரிச்சுப் படுப்பீக?"

"வைக்கோலுதான்மா."

"மழை பேஞ்சா?"

வியாபாரி ஆட்டு விலையை மறந்து யோசிக்க ஆரம்பித்தார்.