கடைசிப் பக்கத்தில் சாகாத கலப்புக்காரி

உறுவையாறு என்கிற இந்தக் கிராமத்தில் எனக்குத் தினமும் காலையில் ஒரு பரீட்சை உண்டு. பால் ஊற்ற வருகிற அஞ்சலை என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "இன்னா, கண்ணத் தொறந்துகினுதான் நிக்கிறியா, இல்ல தூங்குறியா?" என்று கேட்பாள். பத்து மாதமாக இதே வேடிக்கை. அவளுக்கு அலுக்கவே இல்லை. சைகோனில் கால்வாய்க் கடைத்தெருவில் நடந்தால் அந்த ஊர்ப் பெண்கள் 'சா-வா' என்று கூப்பிடுவார்கள். இந்தியர்களைக் கேலியாகச் சொல்லும் பேர் அது. இங்கே நான் சீனாக்காரி. சீனாவை நான் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. இத்தனை நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்ததற்கு ஒரு பட்டப்பெயர் போய் இன்னொரு பட்டப்பெயர் வந்ததுதான் மிச்சம். சைகோனில் என்னைப்போலவே பாதிக்குப் பாதியாகப் பிறந்து, நம் கையெழுத்துப் பத்திரிகையைக் கைமாற்றிப் படிக்கிற தோழிகளே, கப்பல் ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அப்பா இந்த ஊர்க்காரர். சைகோன் துறைமுகத்தில் சுங்க எழுத்தராக இருந்தார். அம்மா அந்த மண்ணிலேயே பிறந்த அனாமியப் பெண். கால்வாய்க் கரையில் நூடுல் சூப் விற்கிறாள். அப்பாவுக்குப் பென்ஷன் வந்ததும், தன் அக்காள் மகன் அருளப்பனுக்கு என்னைக் கட்டிவைப்பதாக இங்கே அழைத்துவந்துவிட்டார். "இவ அம்மா கடையை விட்டு வரமாட்டேங்கிறா" என்று கப்பலில் யார் கேட்டாலும் சொன்னார். அம்மாவை யாருமே கூப்பிடவில்லை. அருகில் நின்றவள் நான், எனக்குத் தெரியும்.

கல்யாணம் நிச்சயமானதும் அத்தை என்னைத் தனியாக அழைத்து ஒரு நிபந்தனை சொன்னாள். வில்லியனூர் மேரியில், அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்தில், பதிவு செய்யும்போது என் தாய் பெயரைச் சவுரியம்மாள் என்றும், தஞ்சாவூர்ப் பக்கத்தவள் என்றும், செத்துவிட்டாள் என்றும் சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் பாகூர்ச் சொந்தக்காரர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டார்களாம். என் மூஞ்சியைப் பார்த்தாலே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியக் கூடாது. அப்பா, "ஒரு வரிதானேம்மா" என்றார். இருபத்திரண்டு வருஷம் அவருக்குச் சோறு போட்டவளைச் சாகடிக்க ஒரு வரிதான் தேவைப்பட்டது. எனக்கு அவர்மேல் வந்தது கோபமல்ல, அருவருப்பு.

இந்தச் சாவு எனக்குப் புதிதல்ல. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்து அலமாரியில் நம்மைப் பற்றி நாவல்கள் இருந்தன, ஞாபகம் இருக்கிறதா? எவனோ ஒரு வெள்ளைக்காரன் மூன்று வாரம் நம் துறைமுகத்தில் தங்கி, காய்ச்சல் வந்து படுத்து, எழுந்தவுடன் ஒரு நாவல் எழுதிவிடுவான். அதில் ஒரு கலப்புப் பெண் வருவாள். ரொம்ப அழகாக இருப்பாள். அவளுக்குள் இரண்டு ரத்தம் சண்டை போடும். கடைசிப் பக்கத்தில் விஷமோ, கடலோ, காசநோயோ அவளைத் தீர்த்துவிடும், அந்த வெள்ளைக்காரன் கப்பலேறி அழுவான். நாமும் முட்டாள்தனமாக அழுதோம். என் வயிற்றுக்குள் இன்றுவரை சண்டை போட்டது அத்தை வீட்டுக் கருவாட்டுக் குழம்பு ஒன்றுதான். சூப்பில் உப்புக் குறைந்ததென்று சொன்ன போலீஸ்காரனை அகப்பையால் அடித்துத் துரத்தியவள் என் அம்மா. அவளைப் பற்றி எழுத ஒருவனுக்கும் தோன்றவில்லை, சாகிற அடையாளம் எதுவும் அவளிடம் இல்லாததால் இருக்கும்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு வில்லியனூர்ச் சந்தைத் திடலில் கூடாரம் அடித்து பிரெஞ்சுப் படம் போட்டார்கள். பேசாத படம். இடையிடையே எழுத்து வரும். அதைப் பார்த்து ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்வார். மாணிக்கம் என்ற அந்த மனிதருக்கு பிரெஞ்சு ஓர் எழுத்தும் தெரியாது. ஊருக்கு ஊர் குத்துமதிப்பாக அடித்துவிடுவாராம். அப்பா முந்திக்கொண்டு, "எம்பொண்ணு பிரெஞ்சு படிச்சவ" என்று என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். நான் எழுத்தைப் படித்து அவர் காதில் சொல்ல வேண்டும், அவர் முழங்குவார். முதல் வரிசையில் அத்தை, அருளப்பன், பாகூர்ச் சொந்தங்கள்.

கதை நீங்கள் ஊகித்ததுதான். ஏதோ ஒரு தீவு, ஒரு கலப்புப் பெண். வெள்ளைக்காரி ஒருத்தி முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு நடித்தாள், காதுக்குப் பின்னால் பூச மறந்திருந்தாள். பாதிப் படத்தில் மாணிக்கத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீயே சொல்லும்மா" என்று சைகை காட்டிவிட்டு வெந்நீர் குடிக்கப் போய்விட்டார். கடைசியில் அவள் பாறைமேல் ஏறி நிற்கிறாள், எழுத்து வருகிறது: 'எந்த மண்ணும் என்னை ஏற்காது.' அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டே உரக்கச் சொன்னேன்.

"எங்கம்மா பேரு லான். அவ உயிரோட இருக்கா. அவள செத்துட்டான்னு என் வாயால சொல்லமாட்டேன். நானும் சாவமாட்டேன்."

திரையில் அவள் தொபுக்கென்று கடலில் குதித்தாள். கூடாரமே அழுதது. பாகூர்க் கிழவர் ஒருவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அத்தை மூக்கைச் சிந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு பெத்தவள வுட்டுக் குடுக்காம பேசிச்சி பாருடி, நெஞ்சே அடச்சிப் போச்சி" என்றாள். படத்து எழுத்தைத்தான் நான் படித்தேன் என்று நினைத்துவிட்டாள். பத்து மாதத்தில் என் அம்மாவின் பெயரை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லையே, எப்படித் தெரியும்? வீட்டு வாசலுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கெழம மேரில சவுரியம்மான்னு சொல்லு, மறந்துடாத" என்றாள். சாயம் பூசியவளுக்காக அழுகிற இவர்கள், சாயம் பூசாதவளைக் கண்டால் பால் செம்போடு கேலிக்கு வந்துவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை மேரியில் குமாஸ்தா பேனாவை மையில் தொட்டு எழுத ஆரம்பித்தார். மாப்பிள்ளை பெயர், அவன் பெற்றோர், பிறகு நான், தெரேஸ், என் அப்பா. "தாயார்?" என்றார். அத்தை என் இடுப்பில் கிள்ளினாள்.

"லான். ஊர் சைகோன். உயிரோட இருக்காங்க" என்றேன். அவர் எனக்கு அப்புறம் யாரையும் கேட்கவில்லை, எழுதிவிட்டார்.

"சினிமாக்காரி மாதிரி பேசாதடி!" என்று அத்தை கத்தினாள். "உன்னாண்ட இன்னா சொன்னேன் நான்? எங்க மானம் போவுதே!"

நான் அருளப்பனைப் பார்த்தேன். அவன் நல்லவன்தான், கூடாரத்தில் எல்லாரையும்விட அதிகம் அழுதவன் அவன். ஒரு வார்த்தை சொல்வான் என்று உண்மையாகவே நம்பினேன். "அம்மா சொல்றதக் கேளு தெரேசு" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "யாருடைய அம்மா?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. பாகூர்க்காரர்கள் எழுந்து நடந்தார்கள், அவன் அவர்கள் பின்னால் போனான். அப்பா நாற்காலியைவிட்டு எழவில்லை, போகவும் இல்லை, என் பக்கம் வரவும் இல்லை.

குமாஸ்தா பெருமூச்சு விட்டுச் சிவப்பு மைக்கூட்டைத் திறந்தார். கையெழுத்தாகாத பக்கத்தைக் கிழிக்கச் சட்டத்தில் இடமில்லையாம், அடிக்கத்தான் வேண்டுமாம். மேல்மூலையிலிருந்து கீழ்மூலைவரை ஒரே கோடு. தோழிகளே, இந்த நாட்டில் என் பெயர் எழுதப்பட்ட பக்கம் அது ஒன்றுதான். சைகோனில் என் பிறப்பை எழுதிய பக்கத்தில் தகப்பன் என்ற இடம் காலி. இங்கே அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அடியில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம், அம்மா உயிரோடு.