கவுனி போட்ட பள்ளம்

எங்க கொல்லை விக்கிரமங்கலத்துக்கு மேற்கால, மேட்டுல இருந்துச்சு. மழை பெஞ்சா வெள்ளாமை, இல்லாட்டி இல்ல. வரகும் சோளமும் போட்டுத்தான் வயித்தைக் கழுவினோம். தெக்கு மூலையில மட்டும் தண்ணி கொஞ்சம் தங்குற ஒரு பள்ளம். அதுல ஆடி மாசம் புழுதியிலயே கவுனி நெல்லு விதைப்போம். கருத்த அரிசி. வெந்தா பிசுபிசுன்னு கையை விடாது. வெல்லம் போட்டுக் கிண்டிக் குடுத்தா எங்க வூட்டுக்காரருக்கு வேற சோறே வேணாம்.

அந்த மனுசன் ரங்கூன்ல அரிசி மில்லுல மூட்டை தூக்கப் போனாரு. ஜப்பான்காரன் குண்டு போட்டான். தப்பிச்சவங்க காடு மலையெல்லாம் நடந்து ஊர் வந்து சேந்தாங்க. வரதராஜன்பேட்டைக்குக்கூட ஆள் திரும்பி வந்துச்சு. இவரு வரல. செத்தாருன்னு சொல்லவும் ஆளில்ல, இருக்காருன்னு சொல்லவும் ஆளில்ல. மொதல்ல அழுதேன். அப்புறம் அழுகையும் நின்னு போச்சு. களை வெட்டினேன், சாணி தட்டினேன், மகளுக்குப் பேன் பாத்தேன். மனசுல ஒண்ணுமே ஓடல.

எங்க மாமியாருதான் விடல. வருசா வருசம் அந்தப் பள்ளத்துல கவுனிதான். "எம்புள்ள வந்து கேட்டா என்னத்தைடி குடுப்ப?"ன்னு ஒரே பேச்சு. வெளைஞ்சதைப் பானையில கொட்டி, வேப்பெலை போட்டு, வாயை மண்ணு வச்சுப் பூசிடுவாங்க. புது நெல்லு வந்ததும் பழசைக் கோழிக்குப் போடுவாங்க. எங்களுக்குப் போட மாட்டாங்க. கோழிக்கு வந்த வாழ்வைப் பாருன்னு எனக்குள்ள பொருமிக்குவேன்.

ஒரு வருசம் மேட்டுல போட்ட வரகு மொளைச்சு, மழையில்லாம அப்படியே கருகிடுச்சு. பள்ளத்துல மட்டும்தான் ஈரம். கடையில ரங்கூன் அரிசியும் இல்ல. வெறும் கீரையா அவிச்சுக் குடுத்து மகளுக்கு வயித்தால போச்சு. மிச்சமிருந்த வரகு விதையை எடுத்துக்கிட்டு வந்து, "அத்தை, பள்ளத்துல இதைப் போட்டுடுவோம். இருக்கிற ஈரத்துக்கே வெளைஞ்சிடும்"னேன்.

"அப்ப அவன் வர மாட்டாங்கிறியா?"

"அதை நான் சொல்லல. புள்ளைக்குக் கூழு வேணுங்கிறேன்."

மறுநாக் காலையில நான் போயிப் பாத்தா, அவங்களே பள்ளத்துல வரகு தெளிச்சிக்கிட்டிருந்தாங்க. வூட்டுக்கு வந்து பானையை ஒடைச்சு, விதை நெல்லு மொத்தத்தையும் குத்த ஆரம்பிச்சாங்க. கவுனிச் சோறு ஆக்கினோம். வெல்லமில்ல, உப்புதான். மக வழிச்சு வழிச்சுத் தின்னுச்சு. நானும் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

வரகு ஏமாத்தல. அதை வச்சு அந்த வருசத்தை ஓட்டிட்டோம்.

அடுத்த ஆடிக்குப் பக்கத்துக் கொல்லைக்காரி ஒரு மொறம் கவுனி விதை கொண்டாந்தா. விதை அத்துப் போன வூட்டுக்கு அக்கம்பக்கத்துல குடுக்குறதுதான். குடுத்தா யாரும் வேணாங்க மாட்டாங்க.

மாமியாரு மொறத்தைத் தொடவே இல்ல. "எடுத்துக்கிட்டுப் போம்மா. அதைத் திங்கிறவன் செத்துட்டான்"னாங்க.

எங்க வூட்டுல அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்ல. பக்கத்துக் கொல்லைக்காரி என்னைப் பாத்தா. எனக்கு அழுகை வருமுன்னு பாத்தேன், வரல. மாமியாரு எழுந்து வந்து என் கழுத்துல கெடந்த மஞ்சக் கயித்துல கை வச்சாங்க. முடிச்சு இறுகிக் கெடந்துச்சு. அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அவுக்க வசதியா நான் குனிஞ்சு குடுத்தேன்.