குளிர் காய்ந்த கோட்டுகள்

எங்கள் அக்கா பஸ் ஓட்டுகிறவள். அத்தான் தையல்காரர், வீட்டிலேயே ஓர் அறையில் தைக்கிறார். அவள் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். அவர் பேசுவது பக்கத்தில் இருக்கும் தையல் மெஷினுக்கே கேட்காது. இந்த இரண்டு பேரும் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். விடியும் முன்னே டிப்போவுக்குப் போனவள் மதியம் திரும்பும்போது அத்தான் மெஷினை நிறுத்தியிருப்பார். தட்டு முன்னால் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் எழுந்திருக்க மனசே வராது. அப்படி என்னதான் பேசுவார்களோ!

அந்தச் சாப்பாட்டுக்குத்தான் போன குளிர்காலத்தில் தையல் அறை வேட்டு வைக்கப் பார்த்தது. சுடுதண்ணீர்க் குழாய் ஓடும் ஹீட்டர் அறைக்கு அறை உண்டு, வீடு முழுக்கக் கதகதவென்று இருக்கும். அந்த ஒரு அறை மட்டும் விறைக்கும். வருஷா வருஷம் பொறுத்துக்கொண்ட அத்தானுக்கு இந்த முறை முடியவில்லை. விரல் மரத்துப்போய் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. மார்க்கெட் பக்கம் ஒரு கடை வாடகைக்கு வந்தது. அங்கே போனால் ராத்திரிதான் திரும்புவார், அதற்குள் அக்கா தூங்கியிருப்பாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க லீவு நாள் வர வேண்டும்.

"போறதுன்னா போங்க, எனக்கென்ன," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அன்றைக்கே ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டினாள். கதவுக்கு அடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்தாள். தரைக்குக் கம்பளம் வந்தது. அத்தான் இரட்டைத் துணியில் திரை தைத்தார். எதுவும் பலிக்கவில்லை. ஹீட்டர் மெக்கானிக் வந்து அந்த அறைக்குப் போகும் குழாயில் கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார். "கொதிக்குதும்மா. இதுல ஒரு கோளாறும் இல்ல," என்று விரலை ஊதிக்கொண்டே போய்விட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தைக்கக் கொடுத்தவர்கள் யாரும் குளிர் என்று சொன்னதே இல்லை. கோட்டைப் போட்டுப் பார்த்ததுமே, "என்ன இதமா இருக்கு!" என்பார்கள். "லைனிங் வைக்கிற விதம்," என்று அத்தான் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொள்வார். அவர் பெருமைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். பட்டன் வைக்க மட்டும் கோட்டைக் கொடுத்திருந்த நானும், வாங்கிப் போட்டுக்கொண்டு, இதமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். என் கோட்டுக்கு லைனிங்கே கிடையாது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். மதியம் வந்த அக்கா, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் தையல் அறைக்குள் புகுந்தாள்.

"இன்னிக்கு பஸ்ல பின்சீட்டெல்லாம் குளிருதுன்னு ஒரே கூச்சல். எந்திரிச்சுப் போய்ப் பாத்தா, ஹீட்டர் வாய்ல ஒருத்தர் மூட்டைய வச்சு அடைச்சிருக்காரு," என்றபடி, தைத்து முடித்த கோட்டுகள் நெருக்கியடித்துத் தொங்கிய ஸ்டாண்டைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பின்னால்தான் ஹீட்டர். சூடு வந்து முகத்தில் அடித்தது. ஹீட்டர் அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்டாண்டும் வருஷக்கணக்காக அங்கேதான் நிற்கிறது. ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

"கோட்டெல்லாம் சொகமா குளிர் காஞ்சுட்டு இருந்திருக்கு. நீங்க வெறச்சுப்போய் உக்காந்திருக்கீங்க!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தான் சிரிக்கவில்லை. ஒரு கோட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"அப்ப எல்லாரும் இதமா இருக்குன்னு சொன்னது ஹீட்டரத்தானா?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அறை சூடாகி என்ன பிரயோஜனம், மனிதர் முகம் வாடிவிட்டதே! அக்கா தன் கோட்டைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். அவர் தைத்துக் கொடுத்ததுதான்.

"இது எந்த ஹீட்டர் முன்னாடி தொங்குது? விடியக்காலைல பஸ்ஸுக்குள்ள ஐஸா இருக்கும். எஞ்சின் சூடேறுற வரைக்கும் மத்த டிரைவருங்க எல்லாம் கையத் தேச்சுக்கிட்டு நிப்பாங்க. நான் நின்னதில்லைங்க."

அத்தான் லைனிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அக்குள்ல தையல் விட்டிருக்கு. சாப்பிட்டுட்டுப் போட்டுத் தரேன்," என்றார்.

"கடைக்காரர் காத்துட்டு இருப்பாரே அத்தான்?" என்றேன்.

"நீ போற வழியில வேணாம்னு சொல்லிடும்மா."

அக்கா தட்டெடுக்கப் போனாள். எனக்கும் ஒரு தட்டு வைக்க வேண்டும் என்று அன்றைக்கு இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.